பட்டில் அன்னம், கொல்லையில் வாத்து

காஞ்சீபுரத்துக்குப் போகிறவர்களை இரண்டு ரகமாகப் பிரித்து விடலாம். கோயிலுக்குப் போய்விட்டு, போகிற போக்கில் புடவை வாங்குகிறவர்கள் ஒரு ரகம். புடவை வாங்கப் போய்விட்டு, வந்ததற்கு ஒரு கோயிலையும் பார்த்து வைக்கிறவர்கள் மற்றொரு ரகம். நானும் என் மன்னியும் இரண்டாவது ரகம் என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால், காஞ்சீபுரத்துக்குப் போய் வாத்துக்களைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் யாராவது உண்டா? நாங்கள் பார்த்துவிட்டு வந்தோம். அப்படி உத்தேசித்துப் போகவில்லை, அப்படி முடிந்தது.

மன்னியின் பெண்ணுக்கு வைகாசியில் கல்யாணம். கூறைப் புடவையைக் கடையில் எடுக்காமல், தறியிலேயே சொல்லி நெய்து வாங்க வேண்டுமென்று மன்னிக்கு ஆசை. தெரிந்தவர் ஒருவர் விலாசம் கொடுத்தார். மாசி மாதத்தில் ஒரு நாள் காலையில் பஸ் ஏறினோம். சென்னையிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர். வெயில் ஏறுவதற்குள் பிள்ளையார்பாளையத்தில் இருந்தோம்.

ஊரின் மேற்குப் பக்கத்தில் இருக்கும் நெசவாளர் பேட்டை அது. தெருவில் நுழைந்ததுமே கண்ணில் பட்டது பாவுதான். வீதியின் நீளத்துக்குப் பட்டு இழைகளை இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டுக் காய வைத்திருந்தார்கள். ஆணும் பெண்ணுமாக நாலைந்து பேர் இரு பக்கமும் நின்று, அறுந்த இழையைத் தேடித் தேடி முடிந்துகொண்டிருந்தார்கள். சைக்கிளில் வந்தவர்கூட இறங்கி, ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். பட்டுக்கு அந்தத் தெருவில் அவ்வளவு மரியாதை!

நாங்கள் தேடிப்போன வீடு குறுகலாகவும் ரெயில் வண்டியைப் போல நீளமாகவும் இருந்தது. முன் கட்டில் குழித்தறி. தரையில் வெட்டிய குழியில் காலை விட்டுக்கொண்டு பெரியவர் உட்கார்ந்திருந்தார். கால்கள் குழிக்குள்ளே மிதிகளை மாற்றி மாற்றி அழுத்த, கை நாடாவை ஓட்டிற்று. எதிர் ஓரத்தில் உட்கார்ந்திருந்த பையன் கரைக்கான நாடாவை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான். கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம். இரண்டையும் இழைக்கு இழை கோத்துக்கொண்டே போவதற்குக் கோர்வை என்று பெயர். கோர்வை ஒழுங்காக அமைந்த புடவை நாள்பட்டாலும் கரை வேறு, உடல் வேறு என்று பிரிந்து வராது. காஞ்சீபுரம் பட்டுக்கு 2005-06ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்தப் பெருமைக்குப் பின்னால் இந்தக் குழியில் இறங்கிய கால்கள் இருக்கின்றன.

கரையில் என்ன போடலாம் என்று பேச்சு வந்தது. மயில், யாளி, ருத்திராட்சம், கோபுரம், மல்லிமொக்கு என்று பெரியவர் அடுக்கினார். "அன்னப்பட்சி போடுங்கள். கல்யாணப் பெண்ணுக்கு அன்னம்தான் லட்சணம்" என்றாள் மன்னி.

அவள் சொல்லி வாய் மூடவில்லை, வீட்டின் பின்பக்கத்திலிருந்து "க்வாக்... க்வாக்... க்வாக்..." என்று பலமான ஆமோதிப்பு வந்தது!

மன்னி திடுக்கிட்டாள். மூலையில் ராட்டினத்தில் தார் சுற்றிக்கொண்டிருந்த அம்மாள் சிரித்தாள். பெரியவரின் மனைவி; வயது அறுபது இருக்கலாம்.

"பயப்படாதீங்கம்மா. எங்க வாத்துங்க. புதுசா ஆள் குரல் கேட்டா யாரு, எவருன்னு விசாரிக்கும். வாங்க, பாக்கலாம்."

பட்டுக்கும் வாத்துக்கும் என்ன பொருத்தம்? ஒன்றின் மேல் ஒரு துளி தண்ணீர் தெறித்தாலே நமக்கு மனசு பதறும். மற்றொன்றோ போகிற இடமெல்லாம் சேறாக்கிவிட்டுப் போகும் பிராணி. அதிசயத்துடன் அந்த அம்மாளின் பின்னால் போனேன். சமையலறையைத் தாண்டி, கம்பி வலை அடித்த ஒரு படலைத் திறந்துகொண்டு கொல்லையில் இறங்கினோம். ஒரு கிணறு, ஒரு முருங்கை மரம், துவைக்கிற கல். அந்த நிழலில் நான்கு வாத்துக்கள் நின்று எங்களைச் சாய்ந்து சாய்ந்து பார்த்தன.

"மூணு பொட்டை, ஒண்ணு ஆண்" என்றாள் அந்த அம்மாள்.

"எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

எட்டு வயதுப் பேத்தி முந்திக்கொண்டாள். "வால் மேல சுருண்டுக்கிட்டு ஒரு இறகு இருக்கு பாருங்க, அது ஆண். அதுக்குத் தொண்டை கட்டின குரல். கூச்சல் போடறதெல்லாம் பொட்டைங்கதான்!"

கிணற்றடியில் உட்கார்ந்து கதை கேட்டோம்.

அந்த அம்மாளுக்குப் பிறந்த வீடு உத்தரமேரூர்ப் பக்கத்துக் கிராமம். ஏரியும் வயலுமான சீமை. சம்பா அறுவடையானதும், வாத்து மேய்ப்பவர்கள் நூற்றுக்கணக்கில் வாத்துக்களை ஓட்டிக்கொண்டு வந்து, அறுத்த வயலில் இறக்குவார்கள். சிந்திய நெல், நத்தை, புழு, பூச்சி எல்லாம் வாத்துக்கு ஆகாரம். வாத்தின் எச்சம் வயலுக்கு எரு. ஒரு வயலில் தீனி தீர்ந்ததும் அடுத்த ஊர். சன்யாசி, கீரி என்றெல்லாம் நம் நாட்டு வாத்து ரகங்களுக்குப் பெயர் உண்டு. ஊர் ஊராகத் திரிகிற ஜீவனுக்குச் சன்யாசி என்ற பெயர் எவ்வளவு பொருத்தம்!

இரண்டு வருஷத்துக்கு முன்பு பிறந்த வீட்டுக்குப் போன அந்த அம்மாள், அப்படி வந்த மந்தையிலிருந்து எட்டு முட்டை வாங்கி வந்தாள். சமைப்பதற்காக அல்ல, வீட்டில் ஒரு கோழி அடைக்கு உட்கார்ந்திருந்தது. நம் நாட்டு வாத்துக்கள் முட்டையிடுவதில் கெட்டி. அடைகாப்பதில் மட்டும் அவ்வளவு சிரத்தை கிடையாது. அதனால் கோழியின் வயிற்றுக்கடியில் வாத்து முட்டையை வைப்பது நெடுநாளைய வழக்கம். கோழிமுட்டை பொரிய 21 நாள். வாத்துமுட்டைக்கு 28 நாள். அந்த ஏழு நாள் அதிகப்படிப் பொறுமைக்குக் கோழி கணக்குக் கேட்பதில்லை. நாம் செய்ய வேண்டியது, கடைசி நாட்களில் முட்டை மேல் லேசாகத் தண்ணீர் தெளிப்பதுதான். வாத்துமுட்டைக்கு ஈரப்பதம் கூடுதலாக வேண்டும்.

எட்டில் ஆறு பொரிந்தது. "ஆறு பொரிஞ்சு நாலுதான் தங்கிச்சு. ரெண்டும் எங்க தப்பாலதான் போச்சு. உங்களுக்குச் சொன்னா நாலு பேருக்கு உபயோகப்படும்" என்று ஆரம்பித்தாள் அந்த அம்மாள். நான் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டேன்.

முதல் குஞ்சு நான்காம் நாள் போயிற்று. 'வாத்துதானே, தண்ணீரில் விடலாமே' என்று குழந்தைகள் அகலத் தொட்டியில் இறக்கி விட்டார்கள். ஐந்து குஞ்சுகளை உடனே எடுத்துவிட்டார்கள், ஒன்று அரைமணி நேரம் மிதந்தது, விறைத்துவிட்டது. தாய் வாத்தோடு வளரும் குஞ்சு தாயின் சூட்டில் அடிக்கடி ஒண்டிக்கொள்ளும்; தாயின் சிறகு எண்ணெயும் அதன் மேல் படும். கோழித்தாய்க்கு அந்த எண்ணெய்ப் பூச்சு கிடையாது. குஞ்சுகளுக்கு முதல் இரண்டு மூன்று வாரம் சூடுதான் முக்கியம். தாயில்லாத குஞ்சானால் பெட்டிக்கு மேல் ஒரு பல்பு எரிய வேண்டும். எல்லாம் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் குவிந்தால் குளிர்கிறது என்று அர்த்தம். வாயைத் திறந்துகொண்டு விலகி ஓடினால் சூடு அதிகம் என்று அர்த்தம். நீச்சலுக்கு அவசரமே இல்லை.

ஆனால் குடிக்கத் தண்ணீர் எப்போதும் வேண்டும். தீனி இருக்கிற இடத்திலெல்லாம் தண்ணீரும் பக்கத்தில் இருக்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் வாத்தால் தீனியை விழுங்க முடியாது. அலகு முழுதும் முங்குகிற ஆழம் இருந்தால்தான் மூக்குத் துவாரத்தில் அடைத்த தீனியைக் கழுவிக்கொள்ளும், கண்ணையும் அலசிக்கொள்ளும். குஞ்சுக்கு இரண்டு மூன்று அங்குல ஆழம். பெரிய வாத்துக்கு ஐந்தாறு அங்குலம். குஞ்சு உள்ளே விழாதபடி கூழாங்கற்களைப் போட்டு வைக்கலாம்.

"ரெண்டாவது?" என்று கேட்டேன்.

அந்த அம்மாள் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அது என் கையால போச்சும்மா" என்றாள்.

வீட்டில் கொஞ்சம் கடலைப் பிண்ணாக்கு இருந்தது. மழைக்காலத்தில் ஈரம் தட்டி, ஓரத்தில் லேசாகப் பூஞ்சணம். 'மேலாகச் சுரண்டிவிட்டால் போகிறது' என்று ஊற வைத்துப் போட்டிருக்கிறாள். நன்றாக வளர்ந்துகொண்டிருந்த வாத்து இரண்டு நாள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்துவிட்டு இறந்துவிட்டது. மற்றவை அன்று கீரையைத் தின்றுவிட்டுப் பிண்ணாக்கை அதிகம் தொடவில்லை; பிழைத்தன. கால்நடை டாக்டர் காரணம் சொன்ன பிறகுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது.

இந்த விஷம் உலகத்துக்கே தெரிந்ததும் இப்படித்தான். 1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேல் வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. வாத்துக்குஞ்சுகளும் மடிந்தன. ஆராய்ந்ததில், பிரேஸிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் ஒரு பூஞ்சை இருந்ததும், அது 'அஃப்லடாக்ஸின்' என்ற விஷத்தைச் சுரந்ததும் தெரியவந்தது. வாத்துக்குஞ்சு அதற்கு உடனே பலியாவதால், விஷம் இருக்கிறதா என்று சோதிக்கவே அந்தக் காலத்தில் வாத்துக்குஞ்சுகளைப் பயன்படுத்தினார்கள். பூஞ்சணத்தைச் சுரண்டினாலும் வேக வைத்தாலும் இந்த விஷம் போகாது. ஆகையால் சகோதரிகளே, பூஞ்சணம் பிடித்த பிண்ணாக்கோ, சோளமோ, ரொட்டியோ வாத்துக்குப் போடக் கூடாது. கோழி தாங்குகிறதை வாத்து தாங்காது.

பிறகு என்னதான் போடுவது? அந்த அம்மாளின் பட்டியல் இதோ. குருணையை வேக வைத்து, தவிட்டோடு பிசைந்து, கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கிற பதத்தில் காலையிலும் மாலையிலும். உலர்ந்த மாவாகப் போட்டால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். இடையில் ஊறிய கம்போ கேழ்வரகோ, பொடியாக நறுக்கிய கீரை, கிடைத்தால் நத்தையும் மண்புழுவும். முட்டையிடும் காலத்தில் கிளிஞ்சலை நுணுக்கித் தனியாக ஒரு சட்டியில். வளர்ந்த வாத்து நாளொன்றுக்கு ஏறக்குறைய 150 கிராம் தீனி தின்னும். பிசைந்தது மீந்தால் எடுத்து எறிந்துவிட வேண்டும். வெயிலில் சீக்கிரம் புளித்துவிடும்.

தவிட்டை அலட்சியம் செய்ய வேண்டாம். நயாசின் என்ற வைட்டமின் கோழிக்குஞ்சைவிட வாத்துக்குஞ்சுக்கு அதிகம் வேண்டும். அது குறைந்தால் குஞ்சின் கால்கள் வளைந்து போகும். தவிட்டிலும் பட்டாணியிலும் அது இருக்கிறது. ஊறுகாய்ச் சாதம், உப்புக் கருவாடு, எண்ணெய்ப் பலகாரம் இவை வேண்டாம். குளத்தில் வாத்தைக் கண்டதும் ரொட்டியை வீசுகிறோமே, அதுவும் வயிற்றை நிரப்புமே தவிர உடம்பை வளர்க்காது.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பேத்தி எழுந்து முருங்கை மரத்தைச் சுற்றி ஓடினாள். நான்கு வாத்துக்களும் அவள் பின்னால் வரிசையாக ஓடின. பொரிந்த அன்று கூடையருகிலேயே உட்கார்ந்திருந்தாளாம். அன்றிலிருந்து கோழி ஒரு தாய், இவள் ஒரு தாய். ஆஸ்திரிய நாட்டு விஞ்ஞானி கான்ராட் லோரென்ஸ் என்பவர் காட்டு வாத்தினக் குஞ்சுகளைப் பொரிந்தது முதல் தம்மோடேயே வைத்துக்கொண்டு, அவை தம்மையே தாயாக நினைத்துப் பின்தொடர்வதை 1935இல் விளக்கி எழுதினார். 1973இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பிள்ளையார்பாளையத்துப் பேத்திக்குப் பரிசு கிடைக்கவில்லை, திட்டுத்தான் கிடைத்தது.

காரணம் தறிக்குழி! ஒரு நாள் அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து தாத்தாவிடம் ஓட, பின்னால் ஓடி வந்த குஞ்சு ஒன்று குழிக்குள் விழுந்துவிட்டது. பெரியவரின் கால் மிதியை அழுத்தப் போன சமயம். கீச்சென்ற சத்தம் கேட்டு அந்தரத்தில் காலை நிறுத்திவிட்டார். தறியில் அப்போது இருந்தது யாரோ ஒரு கல்யாணப் பெண்ணின் அரக்குப் புடவை. "ஒரு பக்கம் உசிரு, ஒரு பக்கம் பட்டு. காலை வெச்சா குஞ்சு போச்சு. பதறி எழுந்தா இழை போச்சு. அப்படியே கால் மணி நேரம் உக்காந்திருந்தேன், பேத்தி கையை விட்டு எடுக்கிற வரைக்கும்" என்றார் பெரியவர். இரண்டும் பிழைத்தன. மறுநாளே சமையலறை வாசலுக்குக் கம்பிப் படல் வந்தது. கொல்லைக்கு இந்தப் பக்கம் பட்டு. அந்தப் பக்கம் வாத்து. அன்று முதல் இரண்டு ராஜ்யத்துக்கும் சண்டையில்லை.

இரவில் அடைப்பதற்கு மூலையில் ஒரு கூண்டு. வாத்து ஒன்றுக்கு நாலைந்து சதுர அடி இடம், கீழே உமி, நனைந்தால் உடனே மாற்ற வேண்டும். கீரிப்பிள்ளை, பெருச்சாளி, தெருநாய் மூன்றுக்கும் பயந்து சுற்றிலும் நெருக்கமான வலை. காலையில் ஒன்பது மணி வரை திறப்பதில்லை. வாத்து பெரும்பாலும் விடியற்காலையிலேயே முட்டையிட்டுவிடும். முன்னாலேயே திறந்துவிட்டால் முட்டையைக் கொல்லையெல்லாம் தேட வேண்டியதுதான். தூக்கும்போது காலைப் பிடித்துத் தூக்கக் கூடாது. வாத்தின் கால் சுலபத்தில் ஒடியும். சிறகோடு உடம்பை அணைத்து எடுக்க வேண்டும். தனியாக ஒரே ஒரு வாத்தை வளர்ப்பதும் பாவம். அது கூட்டத்திலே வாழ்கிற ஜீவன்.

தெருச் சாக்கடைப் பக்கம் மட்டும் விடுவதேயில்லை. சாயத் தண்ணீர் கலந்து ஓடுகிற இடம். ஊர் ஓரத்து வேகவதியும் இன்று வாத்தை இறக்கத் தக்க ஆறாக இல்லை. கொல்லைத் தொட்டித் தண்ணீரைத் தினம் மாற்றி, பழையதை முருங்கைக்கும் வாழைக்கும் விடுகிறார்கள். பறவை எச்சம் கலந்த தண்ணீரின் அருமையை இந்தச் சீமை வெகுநாளாய் அறிந்ததுதான். வேடந்தாங்கல் ஏரிப் பறவைகளை அந்த ஊரார் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்ததற்கு, வயலுக்கு அந்தத் தண்ணீர் எருவானதும் ஒரு காரணம்.

முட்டைக் காசு அந்த அம்மாளுடையது. தார் சுற்றுகிற கூலி வீட்டுச் செலவில் கரைந்துவிடுகிறது. முட்டைக் காசு மட்டும் அஞ்சறைப் பெட்டியில் தனியாக இருக்கிறது. பேத்தியின் நோட்டுப் புத்தகம், பேனா எல்லாம் அதிலிருந்துதான். இங்கிலாந்திலும் கேம்ப்பெல் என்ற ஓர் அம்மாள், வீட்டுத் தேவைக்காக வாத்து வளர்க்க ஆரம்பித்து, ரகங்களைக் கலந்து கலந்து, 1898 வாக்கில் ஒரு புது ரகத்தையே உண்டாக்கினாள். முட்டைக்குப் பேர்போன 'காக்கி கேம்ப்பெல்' அதுதான். கொல்லைப்புறத்தில் பெண்கள் செய்கிற காரியத்தைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது!

புறப்படுமுன் ஓர் எச்சரிக்கையையும் அந்த அம்மாளே சொன்னாள். வாத்தைத் தொட்டால் குழந்தைகள் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். முட்டையை நன்றாக வேக வைக்காமல் சாப்பிடக் கூடாது. எட்டுப் பத்து வாரத்தில் வாத்து பிளேக் நோய்க்குத் தடுப்பூசி போட வேண்டும். 2014இல் கேரளத்துக் குட்டநாட்டில் பறவைக் காய்ச்சல் வந்து, லட்சக்கணக்கான வாத்துக்களை அழிக்க நேர்ந்தது. ஆகையால் திடீரென்று வாத்து இறந்தால், மறைக்காமல் கால்நடை மருத்துவமனைக்குத் தெரிவிப்பது நமக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது.

மாலையில் அதே பிள்ளையார்பாளையத்திலிருக்கும் கைலாசநாதர் கோயிலுக்குப் போனோம். பேத்தியும் வழிகாட்ட வந்தாள். எட்டாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய மணற்கல் கோயில். பேத்தி கேட்டாள்: "அன்னம்னு நெஜமாவே ஒரு பறவை இருக்கா?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். டச்சு அறிஞர் வோகல் இதைப் பற்றி எழுதிய ஒரு புத்தகமே 1962இல் வெளியாயிற்று. ஹம்ஸம் என்று நம்மவர் சொன்னது வாத்துக் குடும்பத்தைச் சேர்ந்த காட்டுப் பறவையைத்தான் என்பது அவர் கட்சி. தலையில் இரண்டு கறுப்புப் பட்டை உள்ள பெருவாத்து ஒன்று, இமயமலையையே தாண்டிப் பறந்து குளிர்காலத்தில் தமிழ்நாட்டு ஏரிகளுக்கும் வருகிறது. பாலையும் நீரையும் பிரிக்குமோ என்னவோ, மலையைத் தாண்டுவது நிச்சயம்.

"அப்போ எங்க வாத்து அன்னத்துக்குச் சொந்தக்காரங்க!" என்று குதித்தாள் அவள்.

எனக்கும் ஆசை பற்றிக்கொண்டது. திரும்பி வந்ததும், "அடுத்த தடவை குஞ்சு பொரித்தால் எனக்கு இரண்டு கொடுங்கள்" என்றேன்.

அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "வீட்டிலே கொல்லை இருக்குதாம்மா?"

"மூன்றாவது மாடி. பால்கனி இருக்கிறது."

"தொட்டித் தண்ணிய எங்க ஊத்துவீங்க? ஊருக்குப் போனா யாரு அடைப்பாங்க? விடிகாலையிலே கத்தினா பக்கத்து வீட்டுக்காரங்க சும்மா இருப்பாங்களா? நல்லா பாத்துக்கிட்டா எட்டுப் பத்து வருசம் இருக்குமே, அதுவரைக்கும் வெச்சிருப்பீங்களா?"

ஒன்றுக்கும் எனக்குப் பதில் இல்லை.

"கோவிச்சுக்காதீங்கம்மா. ரெண்டு குஞ்சை நானே சாக விட்டிருக்கேன். அதனாலதான் சொல்றேன். பட்டிலே இருக்கிற அன்னத்துக்குத் தீனியும் வேணாம், தண்ணியும் வேணாம். அதைச் சந்தோஷமா எடுத்துக்கிட்டுப் போங்க" என்றாள்.

சித்திரைக் கடைசியில் புடவை வந்தது. அரக்கு உடல், பச்சைக் கரை, கரை நெடுக ஜரிகையில் அன்னங்கள். கூடத்தில் விரித்துப் பார்த்தோம். கோர்வையில் ஒரு இழை பிசகவில்லை. மன்னி கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வந்தவர்களெல்லாம் அன்னம் என்ன அழகு என்றார்கள். எனக்கு மட்டும், ஒன்றன் பின் ஒன்றாகப் போகும் அந்த வரிசைக்கு முன்னால், முருங்கை மரத்தைச் சுற்றி ஒரு சிறு பெண் ஓடுவது தெரிந்தது.

கொல்லையும், நிழலும், தினம் கொடுக்க ஒரு மணி நேரமும் உள்ளவர்கள் வாத்து வளர்க்கலாம். அதைப்போல் வீட்டைக் கலகலப்பாக்குகிற பிராணி இல்லை. மற்றவர்கள், என்னைப் போல, காஞ்சீபுரத்துக்கு ஒரு தடவை போய் வரலாம்.